அக்கா மகளுக்கு ஏர் ரைபிள்: ஸ்பிரிங்கா, கேஸ் பிஸ்டனா, காற்றுச் சிலிண்டரா?

அக்கா வீடு காவேரிப்பட்டணத்தில். மகள் ஒன்பதாவது படிக்கிறாள். கோடை விடுமுறையில் ஒரு பயிற்சி முகாமில் பத்து மீட்டர் ஏர் ரைபிளை ஒரு வாரம் பிடித்துப் பார்த்துவிட்டு வந்தவள், மாங்காய் சீசன் முடிவதற்குள் எனக்கு நாலு தடவை போன் போட்டுவிட்டாள். "மாமா, நீங்கதானே எதையும் கழட்டி மாட்டுவீங்க. எது வாங்கலாம்னு அப்பாகிட்ட சொல்லுங்க." கடலூரில் பிறந்த ஏர் ரைபிள் வீராங்கனை இளவேனில் வாலறிவன் படம்தான் இப்போது அவள் போனைத் திறந்தால் முதலில் வருகிறது.

நான் ஓசூரில் ஒரு டூல் ரூமில் வேலை பார்க்கிறேன். பகலெல்லாம் லேத்தும் கிரைண்டிங்கும். ஞாயிற்றுக்கிழமை தெரிந்தவர்களின் ஏர் கன்னைப் பிரித்து சீல் மாற்றிக் கொடுப்பது பொழுதுபோக்கு. அதனால் இந்த முடிவு என் தலையில் வந்து விழுந்தது.

அவள் அண்ணன் பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல். அவனிடம் ஏற்கெனவே ஒரு திட்டம் இருந்தது. "ஸ்பிரிங் ரைபிளே வாங்கிடலாம் மாமா, விலை கம்மி. உதைக்குதுன்னா டியூன் பண்ணிக்கலாம். முனையில ஒரு சைலன்சர் மாட்டிட்டா பக்கத்து வீட்டுக்கும் கேக்காது." அமெரிக்காக்காரர்கள் தங்கள் செமி ஆட்டோமேட்டிக் ரைபிளுக்குச் செய்யும் வேலையை வீடியோவில் பார்த்துவிட்டு வந்த பேச்சு இது. அங்கே நடப்பது என்னவென்று சொல்லிவிட்டால் நம் கதையும் கொஞ்சம் தெளியும். அந்த ரைபிள்களில் குண்டைத் தள்ளும் வாயுவில் ஒரு பங்கை குழலில் உள்ள சிறு துளை வழியாகத் திருப்பிவிட்டு, அதைக் கொண்டே போல்ட்டை, அதாவது குழலின் பின்வாயை மூடும் இரும்புக் கட்டையை, பின்னால் தள்ளுகிறார்கள். முனையில் சைலன்சர் மாட்டினால் வாயு வெளியேற வழி குறுகி, உள்ளே அழுத்தம் கூடுதல் நேரம் நிற்கும். போல்ட் வேகமாகப் பின்னால் பாயும், உதை கூடும், புகை சுடுபவர் முகத்துக்கே வரும். சரிசெய்ய இரண்டு வழி. துளையில் போகும் வாயுவையே குறைக்கலாம். அல்லது வாயுவை விட்டுவிட்டு, போல்ட்டோடு பின்னால் வரும் பாரத்தையும் அதைத் தடுக்கும் ஸ்பிரிங்கின் விறைப்பையும் கூட்டி, வந்த அடியைத் தாங்கிக்கொள்ளலாம்.

முதல் வழி உதையைப் பிறக்குமிடத்திலேயே குறைக்கிறது. இரண்டாவது, பிறந்த உதையை மடியில் வாங்கிக்கொள்கிறது. இந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டால் ஏர் ரைபிள் வாங்குவதற்கும் அதுவே போதும்.

சைலன்சர் பேச்சை மட்டும் அங்கேயே வெட்டிவிட்டேன். துப்பாக்கிச் சத்தத்தையோ தீப்பிழம்பையோ குறைப்பதற்கென்று செய்த துணைக்கருவி இந்திய ஆயுத விதிகளில் தடை செய்யப்பட்ட பட்டியலில் இருக்கிறது. ஏர் கன்னுக்குத்தானே என்று லேத்தில் ஒன்று கடைந்து வைத்துக்கொண்டு, நாளைக்கு ஸ்டேஷனில் நின்று விளக்கம் சொல்ல எனக்கு ஆசையில்லை. அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் நாட்டுத்துப்பாக்கியை ஒப்படைக்கச் சொல்லி அறிவிப்பு வரும் மாவட்டம் இது. துப்பாக்கி என்ற சொல்லுக்கே இங்கே காது கூர்மை. நமக்குச் சாதகமாக இருப்பது 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகள்: குழல் விட்டம் 4.5 மி.மீ., முனையில் ஆற்றல் 20 ஜூல், இந்த இரண்டையும் தாண்டாத ஏர் ரைபிளுக்கு உரிமம் வேண்டாம். அவள் சுடப்போகும் போட்டிக்கும் 4.5 மி.மீ.தான். ஆற்றலோ ஏழரை ஜூல் சுற்றளவில் முடிந்துவிடும்.

இனி ஸ்பிரிங் ரைபிள்.

குழலை மடக்கினால் உள்ளே பிஸ்டன் பின்னால் போய் ஸ்பிரிங்கை அழுத்திக்கொண்டு நிற்கும். ட்ரிக்கரை இழுத்ததும் கால் கிலோ அளவுக்கு இரும்பு முன்னால் பாய்ந்து, எதிரில் இருக்கும் காற்றை நசுக்குகிறது. அந்த நசுங்கிய காற்றுதான் பெல்லட்டை, அதாவது சின்ன ஈயக் குண்டைத் தள்ளுகிறது. பிஸ்டன் முன்னால் கிளம்பும்போது ரைபிள் பின்னால் உதைக்கும். பிஸ்டன் முட்டி நிற்கும்போது ரைபிள் முன்னால் இழுக்கும். ஆக இரண்டு உதை. தோட்டா ரைபிளைவிட இது சின்ன உதைதான், ஆனால் தொல்லை அதிகம், ஏனென்றால் உதையின் பெரும்பகுதி பெல்லட் இன்னும் குழலுக்குள் இருக்கும்போதே நடந்துவிடுகிறது. பெல்லட் வெளியே வரும்போது குழல் எங்கே பார்த்துக்கொண்டிருக்கிறதோ அங்கேதான் அது போகும். இறுக்கிப் பிடித்தால் ஒரு இடம், தளர்த்திப் பிடித்தால் வேறு இடம், தோளில் விரல்கடை தள்ளி வைத்தால் இன்னொரு இடம். பழகியவர்கள் ரைபிளை உள்ளங்கையில் சும்மா கிடத்தி, அது இஷ்டத்துக்கு ஆடட்டும், ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி ஆடினால் போதும் என்று விட்டுவிடுவார்கள். அது நல்ல பாடம்தான். ஆனால் அவள் படிக்க வேண்டிய பாடம் அதுவல்ல.

காரணம் இலக்குத் தாளிலேயே இருக்கிறது. பத்து மீட்டர் ரைபிள் இலக்கில் பத்துப் புள்ளி என்பது அரை மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு பொட்டு. மொத்த இலக்கே 45.5 மி.மீ. நின்றபடி அறுபது குண்டு, எலெக்ட்ரானிக் இலக்கில் 75 நிமிடம். தசமக் கணக்கில் ஒரு குண்டுக்கு அதிகபட்சம் 10.9. அந்தப் பொட்டுக்கு முன்னால் இரட்டை உதையை வைத்துக்கொண்டு எது தன் தவறு, எது ரைபிளின் தவறு என்று ஒரு பதினான்கு வயதுப் பிள்ளை எப்படிக் கண்டுபிடிப்பாள்?

டியூன் செய்ய முடியாதா என்றால், முடியும். அதில் எனக்கே ருசி உண்டு. ஸ்பிரிங்குக்குள் போகும் கைடை லேத்தில் சரியான அளவுக்குக் கடைந்து இறுக்கமாகப் போட்டால் 'கிர்ர்ங்' என்ற அதிர்வு அடங்கும். ஸ்பிரிங்கின் முன்னழுத்தத்தைக் கொஞ்சம் குறைத்தால் வேகம் கொஞ்சம் போகும், உதை நிறையப் போகும். பெல்லட்டின் எடையை மாற்றினாலும் பிஸ்டன் முட்டும் விதம் மாறும்: ரொம்ப லேசான பெல்லட்டுக்கு முன்னால் காற்று மெத்தை மெலிந்துபோய் பிஸ்டன் 'டொக்'கென்று இடிக்கும், ரொம்பக் கனமானதற்கு காற்று பிஸ்டனைத் திருப்பித் தள்ளித் துள்ள வைக்கும். நடுவில் ஒன்று அந்த ரைபிளுக்கென்றே இருக்கும். அதைத் தேடிப் பிடிப்பதில் ஒரு ஞாயிறு போவது தெரியாது. ஆனால் இது எல்லாமே மடியில் வாங்கிக்கொள்ளும் வேலை. பிஸ்டன் பாயும் வரை உதை பிறந்துகொண்டேதான் இருக்கும்.

இதைப் பெரிய ஆட்களும் முயன்று பார்த்திருக்கிறார்கள். ஜெர்மனியில் ஃபைன்வெர்க்பாவ் கம்பெனியின் பழைய 300 வரிசைப் போட்டி ரைபிளில், சுடும்போது குழலும் இயந்திரமும் சேர்ந்து ஒரு தண்டவாளத்தில் பின்னால் நழுவும். உதை சுடுபவர் தோளுக்கு வராது. டயானா கம்பெனியின் சில போட்டி மாடல்களில் இன்னும் விசித்திரம்: ஒரு பிஸ்டன் முன்னால் போகும்போது அதே அளவு பாரமுள்ள இன்னொன்று பின்னால் போய் உதையைச் சமன் செய்யும். கழற்றினால் திரும்ப மாட்டுவதற்குள் தண்ணி குடிக்க வைக்கும் அமைப்பு. எந்திர வேலை தெரிந்தவன் அந்த இரண்டையும் பார்த்தால் கையெடுத்துக் கும்பிடுவான். ஆனால் போட்டிக் களம் அவற்றை விட்டுவிட்டு அழுத்தக் காற்றுக்குப் போய்விட்டது.

ஸ்பிரிங் பேச்சை முடிக்குமுன் ஒரு எச்சரிக்கை. அக்கா வீட்டுக்காரரிடம் ஒரு பழைய ஸ்பிரிங் ஏர் கன் இருக்கிறது. போன பொங்கலுக்கு அதை எடுத்து, துரு பிடிக்கக் கூடாதென்று காற்றுத் துளைக்குள் தாராளமாகத் தேங்காயெண்ணெய் விட்டிருந்தார். முதல் குண்டுக்கு வெடிச் சத்தம், புகை, தேங்காய் வறுத்த வாசனை. பிஸ்டன் காற்றை நசுக்கும்போது அது டீசல் எஞ்சின் மாதிரி சூடேறி எண்ணெயைப் பற்றவைத்துவிடும். சீல் போச்சு. தொண்டைமானின் ஆயுதங்கள் நெய் பூசிப் பளபளவென்று கிடக்கின்றன, எங்கள் அதியமானுடையவை கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்று ஔவை சொன்ன தகடூர் மண் இது. அவர் ஏர் கன் நெய்யும் பூசிக்கொண்டது, என் பட்டறைக்கும் வந்து சேர்ந்தது.

கேஸ் பிஸ்டனைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஸ்பிரிங் இருந்த இடத்தில் நைட்ரஜன் அடைத்த ஒரு குப்பி, காரின் டிக்கி மூடியைத் தாங்கும் அந்தக் குழாய் மாதிரி. 'கிர்ர்ங்' கிடையாது, ஸ்பிரிங் விரியும்போது வரும் முறுக்கல் கிடையாது, எடையும் கொஞ்சம் குறையும். ஆனால் பிஸ்டன் பாய்ந்து முட்டும் கதை அப்படியேதான் இருக்கிறது. உதை இன்னும் குறுகி, வெடுக்கென்று வரும். குப்பியில் கசிவு வந்தால் பெரும்பாலும் முழுசாக மாற்ற வேண்டியதுதான், நான் கடைந்து சரிசெய்ய அதில் இடமில்லை. வெப்பநிலைக்கும் அது ஆடும். மார்கழி காலையில் ஓசூரில் 15 டிகிரி, சித்திரை மதியம் தர்மபுரியில் 40 என்று வைத்துக்கொண்டால் குப்பிக்குள் அழுத்தம் ஏறக்குறைய ஒன்பது சதவீதம் மாறும். தோட்டத்தில் தகர டப்பா சுடுகிறவருக்கு அது பொருட்டில்லை. அரை மில்லிமீட்டர் பொட்டைத் தேடுகிறவளுக்குப் பொருட்டு. இதைப் பட்டியலிலிருந்து முதலில் அடித்தேன்.

மூன்றாவது, முன்கூட்டியே காற்று நிரப்பிய சிலிண்டர் வகை. கடைக்காரர்கள் சொல்வது பி.சி.பி. 200 பார் அழுத்தத்தில் காற்று காத்திருக்கும். ட்ரிக்கர் இழுத்ததும் ஒரு சின்னச் சுத்தி வால்வைத் தட்டும், அளந்த காற்று வெளியே வந்து பெல்லட்டைத் தள்ளும். பாயும் பிஸ்டன் இல்லை. உதை என்று மிஞ்சுவது அரை கிராம் ஈயமும் கொஞ்சம் காற்றும் முன்னால் போனதற்கான எதிர்விசை மட்டும். நாலரைக் கிலோ ரைபிளில் அது நொடிக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் வேகத்தில் ஒரு நகர்வு, அவ்வளவுதான். பிறக்குமிடத்திலேயே உதையை வெட்டியாயிற்று. 2008இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கிய பத்து மீட்டர் போட்டியில் இன்று எல்லார் கையிலும் இருப்பது இந்த வகைதான்.

அப்படியென்றால் தொல்லையே இல்லையா? தொல்லை இடம் மாறியிருக்கிறது. ரைபிளுக்குள் இருந்தது காற்று நிரப்பும் இடத்துக்குப் போய்விட்டது.

அக்கா வீட்டுக்காரர் கேட்ட முதல் கேள்வியே, "மாப்ளே, பஞ்சர் கடையில அடிச்சுக்கலாமில்ல?" என்பதுதான். பஞ்சர் கடை கம்ப்ரஸர் எட்டு, பத்து பார் தரும். நமக்கு வேண்டியது 200. அடுத்து அவர் பையன், "சிப்காட்ல ஆக்ஸிஜன் சிலிண்டர் ரீஃபில் பண்றாங்களே." அதைக் கேட்டதும் எனக்கு நிஜமாகவே கோபம் வந்தது. அழுத்தமான ஆக்ஸிஜன் துளி எண்ணெய் பட்டாலும் தீப்பிடித்து வெடிக்கும். ரைபிளுக்குள் காற்று மட்டும்தான், வேறு எதுவும் கிடையாது. ஸ்கூபா சிலிண்டர் ஒன்று வாங்கி நிரப்பி வைத்துக்கொள்வார்கள் வசதியுள்ளவர்கள். கடல் இல்லாத மாவட்டத்தில், ஒகேனக்கல் பரிசல்காரரிடமா போய்க் கேட்பது? ஒவ்வொரு தடவையும் பெங்களூர் போய் வர வேண்டும்.

மிச்சம் கைப் பம்பு. கணக்குப் போட்டுப் பார்த்தேன். 200 சி.சி. சிலிண்டரை 100 பாரிலிருந்து 200க்கு ஏற்ற 20 லிட்டர் காற்று உள்ளே போக வேண்டும். ஒரு இழுப்புக்குக் கால் லிட்டர் என்று வைத்தால் எண்பது அடி. சைக்கிள் பம்பு அடிப்பது போலத் தோன்றும், முதல் முப்பதுக்கு. கடைசி இருபதுக்கு உடம்பின் முழுப் பாரத்தையும் பிடி மேல் போட வேண்டும். நாற்பது கிலோ பெண்ணால் ஆகாது, அப்பாதான் அடிக்க வேண்டும். நடுவில் நிறுத்தி ஆறவிட வேண்டும், இல்லாவிட்டால் பம்பின் சீல் வெந்துவிடும். அழுத்தக் காற்றோடு ஈரமும் உள்ளே போகும், அதனால் ஈரம் வடிக்கும் வடிகட்டியும் தேவை. பம்புக்குச் சிலிக்கோன் கிரீஸ் தவிர வேறெதுவும் ஆகாது. தேங்காயெண்ணெய் டப்பாவை அந்த அறையிலிருந்தே எடுத்துவிடச் சொல்லியிருக்கிறேன்.

பி.சி.பி.யிலும் இரண்டு ஜாதி. வால்வுக்குப் போகும் அழுத்தத்தை ஒரே அளவில் நிறுத்தும் ரெகுலேட்டர் இல்லாதது, உள்ளது. இல்லாததில் சிலிண்டர் நிறைந்திருக்கும்போது அழுத்தமே வால்வை மூடிப் பிடித்துக்கொள்ளும், சுத்தியால் சரியாகத் திறக்க முடியாது, குண்டு மெதுவாகப் போகும். காற்று குறையக் குறைய வேகம் ஏறி, ஓரிடத்தில் சமமாக நின்று, பிறகு விழும். அந்தச் சமமான நடுப்பகுதிக்குள் சுட்டால் விலை குறைந்த ரைபிளும் நன்றாகவே சுடும். அதைக் கண்டுபிடிக்க வேகமானி வைத்துச் சுட்டு நோட்டில் எழுத வேண்டும். இதில்தான் செமி ஆட்டோமேட்டிக் காரர்களின் வாயுத் துளை நம் வீட்டுக்கு வருகிறது. சுத்தியின் ஸ்பிரிங்கை முடுக்க முடுக்க வேகம் கூடும். ஒரு கட்டத்துக்கு மேல் வேகம் கூடாது, காற்று மட்டும் வீணாகப் போகும், சத்தமும் கூடும். பெல்லட் வெளியேறிய பிறகும் வால்வு திறந்தே கிடக்கிறது என்று அர்த்தம். அந்த உச்சத்திலிருந்து ஒரு சின்னச் சுற்று திருப்பி இறக்கினால் குண்டின் எண்ணிக்கை கூடும், உதையும் சத்தமும் சேர்ந்தே இறங்கும். முனையில் எதையும் மாட்டாமல் சத்தத்தைக் குறைக்கும் நேர்மையான வழி இதுதான். ஆனால் உத்தரவாதம் உள்ள புது ரைபிளில் இதைத் தொடாதீர்கள். ஆற்றலை மேலே ஏற்றும் பக்கம் திருப்பவே திருப்பாதீர்கள், 20 ஜூல் கோடு அங்கே காத்திருக்கிறது.

ரெகுலேட்டர் உள்ளதில் இந்தக் கவலை இல்லை. வெளிச் சிலிண்டரில் 200 இருந்தாலும் 120 இருந்தாலும் வால்வுக்கு வருவது ஒரே அழுத்தம். அதற்கும் ஒரு நோய் உண்டு: சீல் தேய்ந்தால் ராத்திரி முழுக்கச் சும்மா இருக்கும்போது அழுத்தம் மெல்ல மேலே ஊர்ந்து, காலையில் முதல் குண்டு தனியாகப் போகும். பழையது வாங்கும்போது, வந்ததும் முதல் குண்டைத் தனித் தாளில் சுட்டுப் பாருங்கள்.

சத்தத்துக்கு வருவோம். ஸ்பிரிங்கில் முனைச் சத்தம் குறைவு, இயந்திரச் சத்தம் அதிகம். பி.சி.பி.யில் தலைகீழ். 'ஆயிரம் அடி வேகம்' என்று பெட்டியில் அச்சடித்து விற்பதை நம்பி வாங்குகிறவர்களுக்கு ஒரு கணக்கு: அரை கிராம் பெல்லட் 20 ஜூலில் நொடிக்கு 283 மீட்டர்தான் போகும். முப்பது டிகிரியில் ஒலியின் வேகம் 349. உரிமமில்லாத எல்லைக்குள் நிற்கும் ரைபிள் அந்த எடைப் பெல்லட்டோடு ஒலியைத் தாண்டி 'படார்' போடாது. பக்கத்து வீட்டுக்குக் கேட்பது பெரும்பாலும் ரைபிளே இல்லை, பெல்லட் இரும்புப் பெட்டியில் மோதும் 'டங்'. தகட்டைச் சாய்த்து வைத்து, முன்னால் கனமான, பிசுபிசுப்பான களிமண் அப்பினால் அது 'தொப்'பென்று அடங்கிவிடும். அக்கா வீட்டு மாட்டுக் கொட்டகை பதினோரு மீட்டர் நீளம். பின்சுவர் கருங்கல், அதற்கு முன் மணல் மூட்டை. கதவு ஒன்றே ஒன்று, அதுவும் சுடுபவர் முதுகுப் பக்கம். இடம் அமைந்துவிட்டது. மொட்டை மாடி என்றிருந்தால் மறுத்திருப்பேன். மாந்தோப்பில் கிளியும் மயிலும் வருகிறதே என்று யாராவது கேட்டால், அது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் ஜெயில் விவகாரம் என்று அவளே சொல்லும்படி பழக்கியாயிற்று. சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், பெல்லட் ஈயம்.

நான்காவதாக ஒன்று என் மனசுக்குள் ரொம்ப நாள் ஆடியது: ஒரே இழுப்பில் காற்று அடைக்கும் பழைய போட்டி ரைபிள். பக்கவாட்டு நெம்புகோலை ஒரு முறை இழுத்து மூடினால் ஒரு குண்டுக்கான காற்று தயார். பாயும் பிஸ்டன் இல்லை, பம்பு இல்லை, சிலிண்டர் இல்லை. எங்கள் ஊருக்கென்றே செய்தது போல. கிடைத்தால் யோசிக்காமல் வாங்கலாம். ஆனால் இப்போது பழையதாகத்தான் சுற்றுகிறது, சீல் கிடைக்காமல் மூலையில் கிடப்பவையே அதிகம், அறுபது குண்டுக்கு அறுபது முறை இழுக்க அவள் தோளும் இன்னும் தயாரில்லை. மனசில்லாமல்தான் விட்டேன்.

பணம்தான் அக்காவின் கவலை. பி.சி.பி. ஸ்பிரிங்கைவிடப் பல மடங்கு, பம்பு தனி. நான் சொன்னது இதுதான்: முதல் நாலு மாதம் எதுவும் வாங்க வேண்டாம், பயிற்சிக் கூடத்து ரைபிளிலேயே சுடட்டும். அதற்குப் பிறகும் ஆசை குறையாமல் இருந்தால் ரெகுலேட்டர் உள்ள, கைமாறிய போட்டி பி.சி.பி. ஒன்று. தோளில் வைக்கும் கட்டையின் நீளம் அவள் உயரத்துக்கு மாற்றக்கூடியதாக இருக்க வேண்டும், துணைக்கருவியோடு ஐந்தரைக் கிலோவைத் தாண்டக் கூடாது, அது போட்டி விதி. விலை பேசுவதற்கு முன் சிலிண்டரில் பொறித்த தேதியைப் பார்க்க வேண்டும். போட்டிச் சிலிண்டர்களுக்குத் தயாரிப்பாளர்கள் வழக்கமாகப் பத்து வருஷம்தான் ஆயுள் தருகிறார்கள், தேதி தாண்டிய சிலிண்டர் போட்டியில் செல்லாது. "ரைபிள் புதுசு மாதிரி இருக்கு" என்று காட்டும் விற்பனையாளர் சிலிண்டரைத் திருப்பிப் பிடித்துக் காட்டுவதில்லை.

நாலு மாதம் ஆறாகிவிட்டது, ஆசை நிற்கவில்லை. போன மாதம் ஒன்று வாங்கினோம். சிலிண்டர் தேதி 2031 வரை. ஞாயிறு காலையில் அப்பா பம்பு அடிக்கிறார், மகள் எண்ணுகிறாள், அறுபதுக்கு மேல் அவர் பேசுவதில்லை. பழைய ஸ்பிரிங் துப்பாக்கி புது சீலோடு அவரிடமே இருக்கிறது. தகர டப்பாவுக்கு அது போதும் என்கிறார்.